கொசுறு

பெருவுக்குப் போவது என்று முடிவெடுத்த இரவே நான் செய்த முதல் காரியம், ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்ததுதான். மென்பொருள்காரனுக்கு ஆசை வந்தாலும் அது கட்டங்களுக்குள்தான் வரும். லீமாவில் இறங்கி, குஸ்கோ வழியாகத் தீத்திகாக்கா ஏரி வரை 21 நாட்கள். விமான டிக்கெட்டைத் தள்ளிவிட்டால் ஒரு நாளைக்கு 35 டாலர். இதற்கு முன் நான் வெளிநாடு போனதெல்லாம் கம்பெனி செலவில். அறையில் இஸ்திரிப்பெட்டி இருக்கும், காலையில் பஃபே இருக்கும். இந்த முறை முதுகில் ஒரு பை, டார்மிட்டரியில் மேல் பெர்த், வாயில் அரைகுறை ஸ்பானிஷ்.

திட்டமிடுவதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. பயணத்தைவிட அதுதான் சுகம் என்றுகூடச் சில நாள் தோன்றியது. லீமாவிலிருந்து குஸ்கோவுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், பஸ்ஸில் 20 மணி நேரத்துக்கு மேல். பஸ்ஸைப் போட்டேன், ஒரு இரவு விடுதிக் காசும் மிச்சம். மதியத்துக்கு 'மெனு'. அங்கே மெனு என்றால் அட்டை இல்லை, நம்மூர் அளவுச் சாப்பாடு மாதிரி ஒரு சங்கதி: சூப், ஒரு தட்டுச் சோறும் கறியும், ஒரு டம்ளர் பானம், எல்லாம் சேர்த்து 10, 12 சோல். ஒரு சோல் அப்போது நம் கணக்கில் 23, 24 ரூபாயாக இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எண் குறையக் குறையக் கீழே மொத்தமும் குறைந்தது. பட்ஜெட்டுக்குள் வந்த வரிசைகள் தானாகப் பச்சையாக மாறும்படி வைத்திருந்தேன். மந்தமாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராமைச் சரிசெய்து ஓட விட்ட மாதிரி ஒரு திருப்தி.

அப்புறம்தான், சும்மா இருக்காமல், பெருவின் குறைந்தபட்ச ஊதியத்தைத் தேடினேன். 2025 ஜனவரியிலிருந்து மாதம் 1,130 சோல். முப்பதால் வகுத்தால் நாளுக்கு 38 சோல்கூட வரவில்லை. நான் சிக்கனம் என்று பெயர் வைத்திருந்த தொகை அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அதுவும் சட்டத்துக்கு உட்பட்ட வேலையில் இருப்பவர்களுக்குத்தான் அந்த 1,130. அந்த நாட்டில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் சட்டத்தின் கணக்கிலேயே வராத வேலைகளில் இருக்கிறார்கள்.

நண்பனிடம் சொன்னேன். சிரித்தான். "மச்சான், நீ போகலன்னா அந்தக் காசும் அவங்களுக்குக் கிடையாது. போ, சாப்பிடு, செலவு பண்ணு, வா. இதுல என்னடா பாவ புண்ணியம்?"

அவன் சொன்னது தப்பில்லை. பொருளாதாரம் படித்த யாரும் இதையேதான் சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால், இதே வாதத்தை நான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

எனக்கு 27 வயது. முதல் ஆன்சைட். வாடிக்கையாளர் அலுவலகத்தின் மீட்டிங் அறையில் ஒரு ஷீட்டைத் திரையில் போட்டார்கள். 'சேமிப்பு' என்று தலைப்பு. ஒரு வரிசையில் "சீனியர் டெவலப்பர், ஆஃப்ஷோர், 1". அந்த ஒன்று நான். பக்கத்தில் என் ஒரு மணி நேர விலை, அதற்கடுத்து உள்ளூர் இன்ஜினியரின் விலை, அதற்கடுத்து வித்தியாசம், பச்சையில். யாரும் என்னை அவமானப்படுத்தவில்லை. அந்த மேனேஜர் நல்ல மனிதர். அன்று இரவு தேடிப் பிடித்து ஒரு சைவ ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். அந்த வரிசையால்தான் அக்கா கல்யாணக் கடன் அடைந்தது. அவருக்கும் லாபம், எனக்கும் லாபம். பிறகு எதற்கு இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பச்சை கண்ணை உறுத்துகிறது?

நிறைய யோசித்திருக்கிறேன். கூலி குறைவு என்பதல்ல காரணம். எங்கள் தெருவில் அது பெரிய சம்பளம். என் வாழ்க்கை குறைந்த செலவில் நடக்கிறது என்பதை வேறொருவர் தன் கெட்டிக்காரத்தனமாக வரவு வைத்துக்கொண்டார், அதுதான். எங்கள் வீட்டில் ஏசி இல்லாதது, அப்பா இன்னும் டவுன் பஸ்ஸில் போவது, அம்மா ரேஷன் அரிசியில் இட்லி போடுவது, இதெல்லாம் சேர்ந்துதான் அந்தப் பச்சை எண். இப்போது என் ஷீட்டிலும் அதே பச்சை. 10 சோல் சாப்பாட்டுக்குப் பின்னால் யார் வீட்டில் எது இல்லை என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது வெறும் 'மிச்சம்'. (இன்னொரு வேடிக்கை: அமெரிக்க விசா குறைந்தது ஆறு மாதத்துக்கு நடப்பில் இருந்தால் இந்தியர்களுக்குப் பெரு போகத் தனி விசா வேண்டாம். என் பாஸ்போர்ட்டில் இருக்கும் அமெரிக்க விசா அந்த ஆன்சைட்டுக்காகக் குத்தியது.)

ஸ்பானிஷ் பாடத்தில் 'ரெகதேயார்' என்ற வினைச்சொல் வந்தது. பேரம் பேசுவது. பட்ஜெட் பயணத்துக்கு வழிசொல்லும் எல்லோரும் இதை ஒரு திறமையாகச் சொல்லித்தருகிறார்கள்: பாதி விலையில் ஆரம்பி, நடந்துபோகிற மாதிரி நடி, கூப்பிடுவார்கள். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டுவாள். "என்னக்கா, இத்துனூண்டு கட்டுக்கு இருபதா?" "நீயே இப்படிக் கேட்டா நான் எங்கம்மா போவேன்?" கடைசியில் ஏதோ ஒரு விலை. அதற்கு மேல் ஒரு கொத்து மல்லித்தழை, கொசுறு. கீரைக்காரம்மா இடுப்பு ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனாள். அந்தப் பேரத்தில் யாராவது ஜெயித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆண்டஸ் மலைச் சந்தைகளிலும் கொசுறு உண்டு என்று தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது. 'யாப்பா' என்கிறார்கள். கெச்சுவா மொழியிலிருந்து ஸ்பானிஷுக்குள் வந்த சொல். குஸ்கோவின் சான் பெத்ரோ சந்தையில் ஜூஸ் கடைப் பெண்கள் ஒரு டம்ளர் ஊற்றித் தருவார்கள். குடித்து முடித்ததும் மிக்சியில் மிச்சம் இருப்பதையும் அதே டம்ளரில் ஊற்றுவார்கள். அதுதான் யாப்பா. இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. பெருவின் சந்தைகளில் கடைக்காரப் பெண்ணை வாடிக்கையாக வாங்குபவர் 'கசேரா' என்று கூப்பிடுகிறார்; கடைக்காரப் பெண்ணும் அவரை அதே சொல்லால் கூப்பிடுகிறார், ஆணாக இருந்தால் 'கசேரோ'. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே பெயர்!

அப்படியானால் நான் போய் யாப்பா கேட்கலாமா? கொசுறு என்பது தள்ளுபடி அல்ல. நாளைக்கும் வருவேன் என்ற நம்பிக்கைக்குக் கொடுக்கப்படும் அட்வான்ஸ். குஸ்கோவில் நான் இருக்கப்போவது நான்கு நாள். திரும்பி வரும் உத்தேசமே இல்லாதவன் அந்த அட்வான்ஸை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறான். அம்மாவின் பேரமும் என் பேரமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். சொற்கள்கூட ஒன்றாக இருக்கலாம்.

அதற்காகக் கேட்ட விலையை அப்படியே நீட்டுவதும் ஒருவகைத் திமிர்தான். எதிரே இருப்பவரை வியாபாரியாக மதிக்காமல் தர்மம் வாங்குபவராக ஆக்கிவிடுகிறது. ஊர்க்காரனுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை என்பதில் மட்டும் எனக்கு வருத்தமே இல்லை. தாஜ்மகாலில் நமக்கு 50 ரூபாய், வெளிநாட்டவருக்கு 1,100. மாச்சு பிச்சுவில் வெளிநாட்டவருக்கு 152 சோல், பெரு நாட்டவருக்கு அதில் பாதிக்கும் குறைவு. அங்கே வரிசையில் நின்று முறைக்க எனக்கு உரிமை கிடையாது.

இதெல்லாம் சில்லறை விவகாரம். ஷீட்டின் 14-ஆம் வரிசைதான் என்னை மூன்று வாரம் தூங்கவிடவில்லை: இன்கா பாதை.

மாச்சு பிச்சுவுக்கு மலைவழியாக நான்கு நாள் நடை, சுமார் 42 கிலோமீட்டர். உச்சியில் இருக்கும் கணவாய் 4,215 மீட்டர் உயரம். இந்தப் பாதையில் தனியாகப் போக முடியாது. உரிமம் பெற்ற நிறுவனத்தோடுதான் போக வேண்டும். ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, அதில் பயணிகள் சுமார் 200. மற்றவர்கள் வழிகாட்டிகளும் போர்ட்டர்களும். அதாவது மலை ஏறுகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒருவருக்கு மேல் ஏறுகிறார்கள், நம் கூடாரம், அடுப்பு, கேஸ் சிலிண்டர், சாப்பாட்டு மேசை, நாற்காலி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு. பெரும்பாலும் கெச்சுவா பேசும் மலைக்கிராமத்து விவசாயிகள். 2001-இல் பெரு இவர்களுக்காகவே ஒரு சட்டம் போட்டது. ஒரு ஆண் தூக்கும் சுமை, அவருடைய சொந்தச் சாமானையும் சேர்த்து, 20 கிலோவைத் தாண்டக் கூடாது. பாதையின் தொடக்கத்தில் தராசு வைத்து நிறுத்துப் பார்க்கிறார்கள். ஒரு நாடு தராசு வைத்து நிற்க வேண்டியிருக்கிறது என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு விலைகள் வந்தன. ஒன்று 610 டாலர், இன்னொன்று 840. பாதை ஒன்று, மலை ஒன்று, அனுமதிக் கட்டணம் ஒன்று. பக் தேடுவதைப் போல ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். இந்த 230 எங்கே ஒளிந்திருக்க முடியும்? சாப்பாட்டில் கொஞ்சம், கூடாரத்தில் கொஞ்சம். மீதி மனிதர்களிடம்தான் இருக்க வேண்டும். இரண்டு நிறுவனங்களுக்கும் மெயில் போட்டேன்: போர்ட்டருக்கு நான்கு நாளைக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், இரவில் எங்கே படுக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள்? 840 நிறுவனம் மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியது. படுக்கும் கூடாரத்தின் படம்கூட இருந்தது. 610 நிறுவனத்தின் பதில் இரண்டு வரி: எல்லாம் சட்டப்படி. இன்றே பதிவு செய்தால் 5 சதவீதம் தள்ளுபடி.

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமான்கா பல்கலைக்கழகத்து இறையியலாளர்கள் நியாய விலை எது என்று விவாதித்தார்கள். மோசடி, ஏகபோகம், கட்டாயம் இல்லாத சந்தையில் ஊரார் பொதுவாக மதிக்கும் விலையே நியாய விலை என்பது அவர்கள் வந்துசேர்ந்த இடம். ரொம்ப நவீனமான சிந்தனை. அதே நூற்றாண்டில், 1570-களில், பெருவின் வைசிராய் தொலேதோ, இன்கா காலத்து 'மீத்தா' என்ற முறைவேலையை எடுத்துத் திருப்பிக் கட்டினார். குறிப்பிட்ட மாகாணங்களின் ஆண்களில் ஏழில் ஒருவர் பங்கு முறைவைத்து பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். குஸ்கோவைச் சுற்றிய சில பகுதிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவர்களுக்கும் கூலி உண்டு, எழுதப்பட்ட கணக்கு உண்டு. வெள்ளியின் விலை சந்தையில் நியாயமாக இருந்திருக்கலாம். அந்த விலைக்குள் இருந்த முதுகுகள் சந்தைக்கு வந்து பேரம் பேசவில்லை.

இன்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. உருளைக்கிழங்கு விலை விழுந்த வருஷத்தில் ஒரு விவசாயி தானாகத்தான் வந்து பாதையின் தொடக்கத்தில் நிற்கிறார். நானும் தானாகத்தான் அந்த மீட்டிங் அறைக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கு அப்போது இருந்ததா என்று கேட்டால், என்னால் உடனே பதில் சொல்ல முடியாது.

நண்பன் வழி கண்டுபிடித்தான். "இன்கா பாதையே வேணாம்டா. இத்ரோஎலெக்த்ரிகா வரைக்கும் வேன்ல போயிட்டு, அங்கேருந்து ரயில் தண்டவாளத்த ஒட்டி பத்து கிலோமீட்டர் நட. ஊர் வந்துடும். போர்ட்டர் இல்ல, கில்ட்டும் இல்ல." காசில்லாத பயணிகள் எல்லோரும் போகும் வழி அது. நல்ல வழிதான். ஆனால் என் மனசாட்சிக்காக நான் ஒதுங்கிப் போனால் அந்த விவசாயிக்கு மிஞ்சுவது என்ன? என் கை சுத்தமாக இருக்கும். அவருக்கு நான்கு நாள் கூலி போகும். யாருடைய நன்மைக்கு இந்தச் சுத்தம் என்ற கேள்வியில் அவன் பேச்சு நின்றுவிட்டது, என்னுடையதும்.

840-ஐப் பதிவு செய்தேன். தீத்திகாக்காவை வெட்டினேன். 21 நாள் 17 ஆயிற்று. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கூடக் கொடுத்த 230-இல் எவ்வளவு மலை ஏறுகிறவர்களுக்குப் போகும் என்று எந்தக் கட்டமும் காட்டாது. அந்தப் படத்துக் கூடாரம் வருஷம் முழுக்க அங்கேயே இருக்கிறதா, படத்துக்கு மட்டும் நின்றதா என்பதும் எனக்குத் தெரியாது.

போன வாரம் அவர்களிடமிருந்து ஒரு மெயில். என் சொந்தப் பையை நானே தூக்கலாம். அல்லது தனியாகப் பணம் கட்டினால் 7 கிலோ வரை ஒரு போர்ட்டர் தூக்குவார். எது வேண்டும்? நண்பன், "ஜிம்முக்குப் போறல்ல, நீயே தூக்கு, அதான் மரியாதை" என்கிறான். அம்மாவிடம் கேட்டேன். அவள் இந்தத் தர்க்கம் எதற்குள்ளும் வரவில்லை. "எவ்வளவு கனம்டா?" என்றாள்.

ஸ்பானிஷில் விலை கேட்க 'குவாந்தோ குவெஸ்தா', எடை கேட்க 'குவாந்தோ பேசா'. முதலாவதைத்தான் இத்தனை நாள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியிருந்தேன்.

நேற்று இரவு பையை எடை போட்டேன். 8 கிலோ 400. இரண்டாவது ஜோடி ஷூவை எடுத்து வெளியே வைத்தேன். 7 கிலோ 300. பவர் பேங்க்கையும் ஒரு புத்தகத்தையும் எடுத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.