ஆளில்லாத இடம்

போன கார்த்திகையில் முதுகலை மாணவி ஒருத்தி என் மேசைக்கு முன் வந்து நின்றாள். பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய தறிக்கூடம் பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்தது. அதற்குள் போய்ப் படம் எடுத்து, அங்கே வேலை செய்தவர்களிடம் பேசி, நெசவுச் சொற்களைத் தொகுத்து ஆய்வேடாகத் தர வேண்டும் என்றாள். "வீட்டுக்காரங்க சாவி தர்றேன்னுட்டாங்க மேம். காலேஜ்ல இருந்து ஒரு லெட்டர் மட்டும் கேக்கறாங்க."

நான் கேட்ட முதல் கேள்வி, "கூட யாரு வர்றாங்க?" யாரும் இல்லை என்றாள். "தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போ. இல்லன்னா வேற தலைப்பு பாரு." அவள் வேறு தலைப்பு பார்த்தாள்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அதே வகுப்புப் பையன்கள் நான்கு பேர், மூடிப்போன அரிசி ஆலை ஒன்றில் இரவில் சுவரேறிக் குதித்துக் கைபேசியில் படம் பிடித்து வந்திருந்தார்கள். வௌவால், சிலந்திவலை, உடைந்த எந்திரம், நடுவில் ஒருவன் அலறல். வகுப்பே பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர்களிடம் சாவியும் இல்லை, கடிதமும் இல்லை. கூட யார் போனது என்று நான் கேட்கவில்லை.

கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள் நுழைந்து பார்ப்பது உலக நகரங்கள் பலவற்றில் ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. படம் தவிர எதையும் எடுக்காதே, காலடித்தடம் தவிர எதையும் விட்டு வராதே என்று அதற்கு ஒரு நெறி கூட உண்டு. நம் சினிமாவுக்கும் இந்தக் கதை பிடிக்கும். 2015-இல் அஜய் ஞானமுத்து இயக்கிய 'டிமான்ட்டி காலனி'யில் நான்கு இளைஞர்கள் இரவில் ஒரு பாழடைந்த பங்களாவுக்குள் போகிறார்கள். சென்னை ஆழ்வார்பேட்டையில் உண்மையிலேயே உள்ள ஒரு தெருவின் பெயர்தான் படத்துக்கு. அந்த நால்வரும் படம் முழுக்கப் பேயிடம் மாட்டித் தவிக்கிறார்கள். ஆனால் அந்நேரத்தில் அங்கே ஏன் போனார்கள் என்று பார்வையாளர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. துணிச்சல்தானே கதை.

பெண் திறந்தால் கதை மாறிவிடும். 2005-இல் வந்த 'சந்திரமுகி'யில் கங்கா பூட்டிய அறையைத் திறக்கிறாள். அவளுக்கு இருந்ததும் அதே ஆர்வம்தான். அவளுடைய ஆர்வம் நோயாகிறது. மருத்துவரும் கணவரும் சேர்ந்து அவளைக் குணப்படுத்தி வீட்டுக்கு மீட்க வேண்டியிருக்கிறது. ஆணின் ஆர்வத்துக்குச் சாகசம் என்று பெயர், பெண்ணின் ஆர்வத்துக்கு ஒரு நோயின் பெயர்.

திரைக்கு வெளியே நடந்த ஒன்றைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 2013 ஆகஸ்ட் 22 அன்று மாலை, மும்பை மகாலட்சுமியில் மூடிக் கிடந்த சக்தி மில்ஸ் வளாகத்துக்கு 22 வயதுப் புகைப்படப் பத்திரிகையாளர் ஒருவர் வேலை நிமித்தமாகப் படம் எடுக்கப் போனார். துணைக்கு ஆண் சகா ஒருவர் இருந்தார். அந்தச் சகாவைக் கட்டிப்போட்டுவிட்டு, ஐந்து பேர் அந்தப் பெண்ணைக் கூட்டு வன்புணர்வு செய்தார்கள். அவர் உடனே மருத்துவமனைக்குப் போனார், புகார் கொடுத்தார். அதன் பிறகு தொலைபேசி இயக்குநராக வேலை பார்த்த இன்னொரு இளம்பெண் முன்வந்தார். ஜூலை 31 அன்று அதே வளாகத்தில் தனக்கும் இதுவே நடந்தது என்றார். இரண்டு வழக்கிலும் குற்றவாளிகளான மூவருக்கு 2014 ஏப்ரலில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2021 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஆயுள் முழுவதுமான சிறையாகக் குறைத்தது.

இதில் என்னை உறுத்துவது மூன்று. முதலாவது, துணை இருந்தது. நான் என் மாணவிக்குச் சொன்ன 'தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போ' அங்கே காப்பாற்றவில்லை. இரண்டாவது, அந்த இடம் ஆளில்லாத இடமாக இருக்கவே இல்லை. நகரம் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் ஷிப்டுக்கு ஷிப்ட் ஆட்கள் வந்துபோன பஞ்சாலையைச் சுவரும் புதருமாக விட்டது மனிதர்கள் எடுத்த முடிவு, பேய் எடுத்ததல்ல. மூன்றாவது அந்த மூன்று வாரங்கள். முதலில் பாதிக்கப்பட்டவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டார்கள். அங்கே உனக்கு என்ன வேலை என்ற கேள்வி காத்திருக்கும்போது எந்தப் பெண் எளிதாக வாய் திறப்பாள்?

எங்கள் காஞ்சிபுரத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பழையனூர் நீலியின் கதையில் கணவன் காஞ்சிபுரத்தான் என்றொரு வழக்கு உண்டு. வழியில் ஆலங்காட்டில், ஆளில்லாத இடத்தில், அவன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகி, மறுபிறவியில் அவனைத் துரத்திப் பழையனூர்ச் சபையின் முன் அழுது நியாயம் கேட்கிறாள். இந்தக் கதையிலிருந்து தமிழ் எடுத்து வைத்துக்கொண்ட சொல் எது? கொலைக்கு ஒரு சொல் வரவில்லை. 'நீலிக்கண்ணீர்' வந்தது, பொய்யழுகை என்ற பொருளில். யாரும் பார்க்காத இடத்தில் தனக்கு நடந்ததைச் சொல்லும் பெண் நடிக்கிறாள் என்ற சந்தேகத்தை நம் மொழி ஒரே சொல்லில் பூட்டி வைத்திருக்கிறது. வகுப்பில் நானே அதைப் பலமுறை யோசிக்காமல் பயன்படுத்தியிருக்கிறேன்.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைத் தெருக்களைப் பற்றி எழுதிய 'வொய் லாய்ட்டர்?' நூல் 2011-இல் வந்தது. பெண்ணுக்குத் தர வேண்டியது பாதுகாப்பு மட்டுமல்ல, ஆபத்தை ஏற்கும் உரிமையும்தான் என்பது அதன் வாதம். பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களை வீட்டுக்குள்ளும் ஏழைகளை ஊருக்கு வெளியேயும் தள்ளிவிடுகிறோம் என்றும் அது எச்சரிக்கிறது.

முதலில் படித்தபோது எனக்கு இது வசதியான வாதமாகத் தோன்றியது. ஆபத்தை ஏற்பது அவள் உரிமை என்றால், அவளுக்கு ஏதாவது நடந்தால் யார் பதில் சொல்வது? அடுத்தவர் பெற்ற பிள்ளைக்குக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவள் நான். இந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு பயங்கள் இருக்கின்றன. ஒன்று அவளுக்கு என்ன ஆகுமோ என்பது. மற்றது என்னை என்ன கேட்பார்களோ என்பது. அன்று என் வாயிலிருந்து வந்தது இரண்டாவது. முதலாவது மட்டும் இருந்திருந்தால் நான் வேறு கேள்விகள் கேட்டிருப்பேன்: எத்தனை மணிக்குப் போகிறாய்? கூரை உறுதியாக இருக்கிறதா? பக்கத்து வீட்டில் யாரிடம் சொல்லிவிட்டுப் போவாய்? நான் வரட்டுமா? அந்தப் பையன்களிடமும் இவற்றைக் கேட்டிருப்பேன். இடிந்து விழும் கூரை ஆண் பெண் பார்ப்பதில்லை. அக்கறை என்றால் இரு பாலருக்கும் ஒரே கேள்விதான். கேள்வி பெண்ணுக்கு மட்டும் என்றால் அதற்குப் பெயர் காவல்.

ஆபத்தை ஏற்கும் உரிமை என்பது குற்றத்தின் பொறுப்பை ஏற்பதும் அல்ல. கூரை விழுந்தால் அது அவள் ஏற்ற ஆபத்து. ஒருவன் கை வைத்தால் அது அவன் செய்த குற்றம். இந்த இரண்டையும் நாம் ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டிருக்கும்வரை அவள் எங்கே போனாலும் தவறு அவளுடையதாகவே இருக்கும்.

இந்தப் பங்குனியில் அந்தத் தறிக்கூடத்தை இடித்துவிட்டார்கள். தறி மரங்கள் விறகுக்குப் போயின, குழிகளை மண் போட்டு மூடினார்கள். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்த பாட்டி ஒருவர், தான் பத்து வயதிலிருந்து அங்கே தார் சுற்றியதாகச் சொன்னார். தறிக்காரர்களின் பெயர் கணக்கு நோட்டில் இருக்கும். தார் சுற்றிய, பாவு பிணைத்த பெண்களின் பெயர் எந்த நோட்டில் இருக்கும்? அவர்களிடம் கேட்டு எழுத வந்தவளைத்தான் நான் திருப்பி அனுப்பினேன்.

அவளிடம் வருத்தம் சொன்னேன். "பரவால்ல மேம், இப்ப எழுதறதும் நல்லாத்தான் போகுது" என்றாள். பெண்கள் பெரியவர்களைச் சங்கடப்படுத்தாமல் இருக்கச் சொல்லும் 'பரவால்ல' எனக்குத் தெரியும். நானும் என் ஆசிரியர்களிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.