கிருமிராகம்

ஆசாரியர்கள் நுண்பொருளை விளக்க உவமை கூறுமிடத்து, நாம் பெரும்பாலும் பொருளை எடுத்துக்கொண்டு உவமையை விட்டுவிடுகிறோம். அவ்வாறு விட்டுவிட்ட உவமையே ஒருநாள் நம் கையில் வந்து அமர்ந்தால் என்ன செய்வது? அப்படியொரு நாள் எனக்கு வாய்த்தது. அதனை அன்பர்கள் முன் வைத்து, அதனின்றும் எழுந்த வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்தாம் நூற்றாண்டினராகிய நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் அருளிய கோம்மடசாரத்தின் ஜீவகாண்டத்தில், கஷாயங்கள் ஒவ்வொன்றும் நான்கு நான்கு உவமைகளால் தரம் பிரித்துக் காட்டப்படுகின்றன. கல்லிற் கீறிய கோடு, நிலத்திற் கீறிய கோடு, புழுதியிற் கீறிய கோடு, நீரிற் கீறிய கோடு என்னும் குரோதத்தின் உவமைகளை நம்மில் பலர் இளமையிலேயே கேட்டிருப்போம். உலோபத்திற்குக் கூறப்படுபவை சாயமும் கறையுமாகும். மிகக் கொடிய உலோபம் கிருமிராகம் போன்றது. அதாவது பூச்சியினின்றும் எடுத்த செஞ்சாயம் போன்றது. அடுத்தது வண்டிச் சக்கரத்தின் மசி போன்றது. அதற்கடுத்தது உடலில் படியும் அழுக்குப் போன்றது. மிக மெலிந்தது மஞ்சட்சாயம் போன்றது. மஞ்சளின் நிறம் வெயில் பட்டாலே வெளுத்துவிடும். கிருமிராகமோ துணி கிழிந்தாலும் போகாது என்பது கருத்து.

ராகம் என்னும் வடசொல்லுக்கு நிறம் என்றும் பொருள். பற்று என்றும் பொருள். பற்றாகிய நிறம் முற்றும் நீங்கியவரே வீதராகர். இவற்றையெல்லாம் நான் பலமுறை படித்திருக்கிறேன். பிறர்க்கு எடுத்தும் கூறியிருக்கிறேன். அப்பொழுதெல்லாம் என் வண்ணப்பெட்டியிலேயே கிருமிராகம் இருந்தது. அதை நான் அறிந்திலேன்.

சிவப்பு இரண்டு

நான் பள்ளிகளில் நெடுங்காலம் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன். நீர்வண்ண ஓவியத்தில் எனக்கு ஈடுபாடு மிகுதி. அக்கலையில் சிவப்பு என்பது ஒன்றல்ல, இரண்டு. மஞ்சளின் பக்கம் சாய்ந்த சிவப்பு வெம்மையுடையது. செங்காந்தளின் நிறம் அது. நீலத்தின் பக்கம் சாய்ந்த சிவப்பு குளிர்ச்சியுடையது. தாமரையின் நிறம் அது. வெம்மைச் சிவப்பாகிய காட்மியத்தோடு அல்ட்ராமரின் நீலத்தைக் கலந்தால் கலங்கல் நிறமே கிட்டும். அச்சிவப்பினுள் மறைந்துள்ள மஞ்சள், சிவப்பும் நீலமும் கூடிப் பிறக்கும் ஊதாவைக் கெடுத்துவிடுகிறது. குளிர்ச்சியான சிவப்போடு அதே நீலத்தைக் கலந்தால் கத்தரிப்பூப் போன்ற தெளிந்த ஊதா பிறக்கும். தாமரையிதழின் அடியில் விழும் நிழலுக்கு அந்த ஊதாவே வேண்டும்.

நான் விரும்பிய குளிர்ச்சிச் சிவப்பு கார்மைன். முதலில் இதழ் முழுவதையும் வெறும் நீரால் நனைக்க வேண்டும். பிறகு இதழின் நுனியில் ஒரு துளி கார்மைனை வைத்தால், அது நீரோடு தானே நடந்து, நடுவில் இளஞ்சிவப்பாகி, அடியில் தாளின் வெண்மையோடு கலந்து மறையும். ஓவியன் செய்ய வேண்டியது கையை எடுத்துக்கொள்வது ஒன்றே. நன்கு காய்ந்த பின் மீண்டும் ஒரு மெல்லிய பூச்சு. ஒளி அவ்விரு பூச்சுகளையும் ஊடுருவித் தாளில் பட்டுத் திரும்பும்பொழுது உண்டாகும் ஆழம் வேறெந்தச் சிவப்பிலும் எனக்குக் கிட்டியதில்லை.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஆறாம் தீர்த்தங்கரராகிய பத்மபிரபரின் திருவுருவை எழுதத் தொடங்கினேன். இருபத்துநால்வருள் செந்நிறத்தவர் இருவர், பத்மபிரபரும் வாசுபூஜ்யரும். பத்மபிரபருக்கு இலாஞ்சனமும் தாமரையே. எனவே கார்மைனுக்கு வேலை மிகுதி. பீடத்தின் தாமரையில் மூன்று இதழ்கள் முடிந்திருந்தன. கல்லூரியில் வேதியியல் பயின்றுகொண்டிருந்த என் பேத்தி அருகில் அமர்ந்து, வண்ணக்குழாயின் பின்புறத்தில் இருந்த சிறு எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, இதில் என்.ஆர். 4 என்று போட்டிருக்கிறது. இது பூச்சியிலிருந்து எடுப்பதல்லவா?" என்றாள்.

தூரிகை என் கையில் நின்றுவிட்டது.

அச்சிவப்பின் வரலாறு

மெக்சிகோ, பெரு முதலிய நாடுகளில் சப்பாத்திக்கள்ளியின் மேல் வாழும் ஒரு சிறு பூச்சி கொச்சினீல். அதன் பெண்பூச்சிகளைக் கள்ளியினின்றும் துடைத்தெடுத்து, வெந்நீரிலோ, நீராவியிலோ, வெயிலிலோ இட்டுக் கொன்று உலர்த்துவர். உலர்ந்த பூச்சி ஒரு கிலோ சேர ஏறத்தாழ 1,50,000 உயிர்கள் வேண்டும். அதனின்றும் வடித்த சாற்றைப் படிகாரம் போன்ற உப்புகளோடு சேர்த்து வீழ்படிவாக்கினால் கிடைப்பதே கார்மைன். 1521இல் மெக்சிகோவை வென்ற ஸ்பானியர்க்கு, அந்நாட்டினின்றும் கப்பலேறிய பொருள்களுள் வெள்ளிக்கு அடுத்த மதிப்புடையதாக இப்பூச்சியே விளங்கிற்று. அவ்வாணிகத்தில் பங்குபெற விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனியாரும் முயன்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் கம்பெனி மருத்துவர் நம் சென்னைச் சைதாப்பேட்டையிலேயே இதற்கெனக் கள்ளித்தோட்டம் அமைத்தார். முயற்சி பெரும்பயன் தரவில்லை.

இச்சாயம் பண்டைக்காலத்ததன்று, இன்றும் உள்ளது. மிட்டாய், பழக்கூழ், உதட்டுச்சாயம் ஆகியவற்றிலும் சேர்க்கப்படுகிறது. வெளிநாட்டு உணவுப் பொட்டலங்களில் ஈ 120 என்னும் குறியீடு இருப்பின் அது இதுவே. அமெரிக்க நாட்டில், உணவில் இது கலந்திருந்தால் பெயரை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்னும் விதி 2011இல்தான் நடைமுறைக்கு வந்தது. அறியாமல் உண்டோர் எத்தனை பேரோ!

மனம் கூறிய நான்கு நியாயங்கள்

உண்மையைக் கேட்டவுடன் அக்குழாயை ஒதுக்கி வைத்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. அன்றிரவு முழுதும் என் மனம் வழக்காடிற்று. அது கூறிய நியாயங்கள் நால்வகை.

முதலாவது, கொன்றவன் நான் அல்லன் என்பது. இதற்கு விடை எளிது. செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் ஆகிய மூன்று வழியாலும் வினை வரும் என்பது நம் இல்லத்துச் சிறுவர்களும் அறிந்த பாடம். வாங்குவோர் இல்லையேல் வெந்நீர் கொதிக்கும் கொப்பரையும் இல்லை. அறியாமல் வாங்கினேன் என்பதும் முழு விடுதலை ஆகாது. இம்சைக்கு இலக்கணம் கூறும் தத்துவார்த்த சூத்திரம் பிரமாதத்தை, அதாவது அசட்டையை, அதன் வேராகக் காட்டுகிறது. உண்ணும் பண்டத்தை ஆராய்ந்த நான் தீட்டும் வண்ணத்தை ஆராயவில்லை. அது என் அசட்டையே.

இரண்டாவது, எந்த வண்ணம் குற்றமற்றது என்பது. இதில் உண்மை உண்டு. நீர்வண்ணத்தைப் பிணைக்கும் வேலம்பிசின் மரத்தினது. ஆயின் அதனோடு தேன் சேர்ப்பாரும் உளர். வண்ணம் சீராகப் பரவ மாட்டின் பித்தநீர் சேர்ப்பதுண்டு. சில உயர்ந்த தாள்களுக்கு விலங்கின் எலும்பும் தோலும் காய்ச்சிய வச்சிரம் ஊட்டப்படுகிறது. தூரிகையோ அணிலின் உரோமம் அல்லது கீரிப்பிள்ளையை ஒத்த ஒரு பிராணியின் வால் உரோமம். ஆலையில் செய்யும் செயற்கை வண்ணத்திலும் கழிவுநீரால் நீர்வாழ் உயிர்களுக்குத் துன்பம் நேரக்கூடும். ஆனால் தொழில் நடக்கையில் நேரும் ஆரம்ப இம்சையும், உயிரைக் கொல்வதே தொழிலாகிய சங்கல்ப இம்சையும் ஒன்றல்ல. கனிமரத்தின் கீழ் நின்ற அறுவரின் கதை நாம் அறிந்ததே. வேரோடு வெட்டச் சொன்னவனும், உதிர்ந்த கனி போதும் என்றவனும் பசித்தவர்களே. முழுவதும் தவிர்க்க இயலாது என்பதனால் முடிந்ததையும் தவிர்க்க மாட்டேன் என்பது முதலாமவனின் வாதம். அது கிருஷ்ண லேசியை.

மூன்றாவது, நோக்கம் தூயது என்பது. பெருமானின் திருவுருவுக்கன்றோ பயன்படுகிறது என்று மனம் கேட்டது. சமந்தபத்திர சுவாமிகள் சுயம்பு ஸ்தோத்திரத்தில், பூசையால் நேரும் சிறிது பாவம் பெரும் புண்ணியத் திரளில் தீமை செய்யாது, கடலில் விழுந்த நஞ்சுத்துளி போல்வது என்னும் கருத்தை அருளியுள்ளார் என்று மேற்கோளும் காட்டிற்று. அவ்வாசகம் அமைந்திருப்பது செந்நிறப் பெருமானாகிய வாசுபூஜ்யரின் துதியிலேயே என்பதை எண்ணி அது மகிழவும் செய்தது. ஆனால் சுவாமிகள் கூறியது தவிர்க்க வொண்ணாத சிறுபிழையை. வேறு சிவப்பே உலகில் இல்லையா? சித்தன்னவாசலில் தாமரைப் பொய்கையை எழுதிய ஓவியர் செங்காவியும் மஞ்சட்காவியும் சுண்ணமும் கரியும் போன்ற மண்வண்ணங்களையே கொண்டனர். காவி குளிர்ச்சிச் சிவப்பன்று. உண்மைத் தாமரையின் நிறம் அதில் வாராது. இருந்தும் ஆயிரமாண்டு கடந்து அத்தாமரைகள் தாமரைகளாகவே நிற்கின்றன.

நான்காவது நியாயமே மிகக் கூரியது. இப்பூச்சிகள் முன்னரே இறந்துவிட்டன. குழாயை எறிந்தால் அவை பிழைக்கப் போவதில்லை. எறிவது அவற்றின் சாவையும் வீணாக்குவதன்றோ? இனி வாங்காதே, இருப்பதைத் தீர்த்துவிடு. இதனை மறுக்க எனக்கு விடை தோன்றவில்லை. இன்றும் தருக்கத்தால் மட்டும் இதனை வெல்ல இயலும் என்று நான் கருதவில்லை.

சோதனை

விடியற்காலையில் ஒரு சோதனை செய்தேன். குவினாக்ரிடோன் ரோஸ் என்னும் மற்றொரு குளிர்ச்சிச் சிவப்பு என்னிடம் இருந்தது. 1958இல் விற்பனைக்கு வந்த செயற்கை நிறமி அது, குழாயில் பி.வி. 19 என்று இருக்கும். ஒரே பொருள், மூலக்கூறுகள் படிகத்தில் அடுக்கப்படும் முறை மாறினால் ஊதாவாகவும் ரோசாவாகவும் தோன்றும் என்பது அதன் விந்தை. ஒளியில் எளிதில் வெளுக்காது. அதனைக் கார்மைனுக்கு ஒப்பாக்க முயன்றேன். சிறிது அல்ட்ராமரின் சேர்த்தேன், ஊதா மிகுந்தது. வெம்மைச் சிவப்பு ஒரு துளி சேர்த்தேன். ஆழம் வந்தது, தெளிவு சற்றுக் குறைந்தது. பத்துக் கட்டங்கள் தீட்டிப் பார்த்தேன். ஏழாவது கட்டம் மிக அருகில் வந்தது. பார்ப்பவர் எவரும் வேறுபாடு காணார். ஆயினும் நான் கண்டேன்.

அக்கணமே விளங்கிற்று. இறந்த உயிர்களின் சாவு வீணாகலாகாது என்ற இரக்கம் என்னிடம் இல்லை. அந்த மயிரிழை வேறுபாட்டை விட மனமில்லை, அவ்வளவே. நான்கு நியாயங்களையும் பேசியது அறிவன்று, உலோபம். பொன்னுக்கும் நிலத்துக்குமே உலோபம் உண்டு என்று எண்ணியிருந்தேன். ஒரு நிறத்தின் மேலும் அது அமரும். எஞ்சியதைத் தீர்ப்பது தகுமா தகாதா என்பது ஒவ்வொருவர் சூழலையும் பொறுத்தது. அதனைக் கேட்பது யார், அறிவா ஆசையா, என்று காண்பதே முதற்கடமை.

குழாயை மூடி வைத்தேன். எஞ்சிய இதழ்களை ஏழாவது கட்டத்துக் கலவையால் முடித்தேன். தூரிகையும் செயற்கை இழையாக மாறிற்று. கார்மைன் என்று பெயர் பொறித்த குழாய்கள் பலவற்றில் இந்நாளில் செயற்கை நிறமியே உள்ளது. ஆகவே பெயரைக் கண்டு அஞ்ச வேண்டா, குறியீட்டைப் பாருங்கள் என்று வண்ணம் தீட்டும் நம் இளைஞர்க்குக் கூறுகிறேன். பூச்சிச் சிவப்பை விலக்கிவிட்டுப் பட்டுடுத்தி ஆலயம் செல்வோர், அப்பட்டின் வரலாற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று. நான் முதலில் என் பெட்டியைத் திறந்தேன். அவரவர் பெட்டியை அவரவரே திறக்க வேண்டும்.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883இல் தீட்டிய திருமதி கிளாப்பிசோன் அவர்களின் உருவப்படம் சிக்காகோ கலைக்கூடத்தில் உள்ளது. பிற்காலத்தில் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தபொழுது, ஒளி படாது மறைந்திருந்த விளிம்பில் மட்டும் செழுஞ்சிவப்பு எஞ்சியிருந்தது. மற்ற இடமெல்லாம் வெளுத்துவிட்டது. வெளுத்தது இந்தக் கார்மைனே.

என் இல்லத்துச் சுவரிலும் அதுவே நிகழ்ந்தது. பத்மபிரபரின் பீடத்தில் பன்னிரண்டு இதழ்கள். அவற்றுள் மூன்று இன்று பழுத்த இலைபோல் வெளிறியுள்ளன. ஒன்பது அன்று தீட்டியவாறே உள்ளன. வருவோர் காரணம் கேட்பர், நான் கூறுவேன். கிருமிராகம் போகாது என்பது ஆசாரியர் வாக்காயிற்றே, இது போய்விட்டதே என்று ஓர் அன்பர் ஒருமுறை வினவினார். தாளில் இருந்தது போய்விட்டது, ஐயா. அம்மூன்று இதழ்களையும் காணும்பொழுதெல்லாம் பழைய சிவப்பை என் மனம் இன்னும் அங்கே தீட்டிப் பார்க்கிறது. ஆசாரியர் கூறியது அதனைத்தான்.