காயும் கல்லும்

போரை விளையாட்டாக ஆடலாமா? இவ்வினாவை எழுப்புவோருள் பலர், ஆடலாகாது என்னும் விடையை முன்னரே நெஞ்சில் இருத்திக்கொண்டுதான் எழுப்புகின்றனர். ஆயின், சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்த எவரும் போரை ஆடியவரே. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையே அப்பலகையின் காய்களாயின. நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் இறைவனின் திருப்பெயரே சதுரங்க வல்லபநாதர். அரசன் மகளோடு காய் நகர்த்தி அவளை வென்றான் இறைவன் என்பது அத்தலத்து வரலாறு. ஆடுவதே பழி என்று நம் முன்னோர் கருதியிருப்பின், இப்பெயரை இறைவனுக்குச் சூட்டியிருப்பரோ?

மேலைநாட்டார் இவ்வாட்டத்தை வேறொரு நெறியில் வளர்த்தனர். பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பார் 1812இல் மன்னர்க்குக் காட்டிய போர் விளையாட்டை, அவர்தம் மகனார் 1824இல் திருத்தி அமைத்தார். அது படை அதிகாரிகளின் பயிற்சியாயிற்று. 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு வீட்டிலேயே ஆடும் முறையை நூலாக்கினார். இன்று இங்கிலாந்து முதலிய நாடுகளின் மன்றங்களில் நெப்போலியன் காலத்துப் போர்களை ஆடுவோர் பலர். மேசைமேல் குன்றும் சிற்றூரும் அமைப்பர். விரலளவு வீரர்களுக்கு அவரவர் சீருடையின் நிறம் பிழையாது வண்ணம் தீட்டுவர். அளவுகோலால் நடையை அளந்து, பகடை உருட்டிச் சேதத்தைக் கணிப்பர். பல விதிமுறைகளில் ஒரு பொம்மை இருபது வீரருக்கோ, அதனினும் மிகுந்தோருக்கோ ஈடாகும்.

இவ்வாட்டத்தால் நன்மையே இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது. சதுரங்கத்தின் காலாள் அஞ்சி ஓடுவதில்லை. இங்கோ, இழப்பு மிகுந்தால் ஊக்கம் குன்றிப் படை புறங்காட்டும். தலைவன் வகுத்த திட்டம் ஒரு பகடை வீச்சில் சிதையும். பெரும்போர் எத்துணைத் தடுமாற்றம் நிறைந்தது என்பதைச் சிறுபோர் உணர்த்தும் என்றே வெல்ஸும் கருதினார். எனினும், அவர் நூல் வெளிவந்த மறு ஆண்டே உலகப்போர் மூண்டது. ஆட்டம் உணர்த்தாமல் விட்டது யாது?

விடையை வாட்டர்லூவில் தேடலாம். 1815 ஜூன் 18ஆம் நாள் நிகழ்ந்த அப்போரைச் சிற்றுருவில் சமைக்கும் பணியைச் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி மேற்கொண்டார். களத்திலேயே பல திங்கள் தங்கி நிலத்தை அளந்தார். 1838இல் இலண்டனில் காட்சிக்கு வந்த அவ்வமைப்பில் 70,000க்கு மேற்பட்ட பொம்மை வீரர்கள் இருந்தனர். யார் எங்கு நின்றனர் என்றறியப் போரில் தப்பியவர்களுக்கு மடல்கள் விடுத்தார். ஆனால் அவர் மடல் விடுத்தது அதிகாரிகளுக்கே. துப்பாக்கி ஏந்தி நின்ற எளிய வீரனை அவர் வினவவில்லை. அவனுக்கு உருவம் கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை.

இது அயல்நாட்டுக் கதையன்று. வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன், 1799இல் திப்புவை வீழ்த்திய ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பங்குகொண்ட ஆர்தர் வெல்லெஸ்லியே. நாம் வாழும் மண்ணும் படைகள் மிதித்த மண்ணே. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே, மாம்பழ மண்டிகளால் பெயர்பெற்ற தாமலச்செருவை நம்மில் அறியாதார் யார்? தெலுங்கில் செருவு என்பது ஏரி. தமிழில் செரு என்பது போர். இவ்வூர்க் கணவாயில்தான் 1740இல் இரகுஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படையோடு பொருது ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலி மாண்டார். 1782 டிசம்பரில் ஐதர் அலி உயிர்நீத்ததும் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையிலேயே. நவாபின் பெயரையும் ஐதரின் பெயரையும் ஏடுகள் காத்தன. கணவாயில் உடன் மாண்டவர்களோ வெறும் தொகையாகக்கூட நம் நினைவில் இல்லை.

ஆனால் இதே நிலப்பகுதியில் மற்றொரு மரபும் இருந்தது. ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நட்டு வழிபட்ட மரபு அது. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது ஈறாக அதற்குரிய படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. புங்கனூர்ப் பகுதியிலும் இத்தகைய வீரக்கற்கள் உள்ளன. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கருந்தேவக்கத்தி என்பான் பட்டதைக் கூறுகிறது. அவனோடு நின்று கள்வரைக் கடித்த நாயின் உருவும் அதில் உண்டு. கோவிவன் என்னும் அதன் பெயரும் உண்டு. ஒரு நாயின் பெயரும் அழியலாகாது என்று கருதிய ஊரார், போரை மேலிருந்து நோக்கியவர்கள் அல்லர். மாண்டவனின் அருகிருந்து நோக்கியவர்கள்.

காய்க்கும் கல்லுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. வெட்டுண்ட காய் ஆட்டம் முடிந்ததும் பெட்டிக்குள் சென்று, மறுநாள் மீண்டும் நிற்கும். கல்லில் நிற்பவன் மீளான். ஆட்டம் நமக்குத் தலைவனின் கண்ணைத் தருகிறது. அக்கண்ணும் வேண்டுவதே, எண்ணிக் கணக்கிடாமல் படையும் நடவாது, ஆட்சியும் நடவாது. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் என் போன்றோரும் மனிதரை எண்ணாக்கியே பணிபுரிகிறோம். குடும்ப ஓய்வூதியக் கோப்பு ஒன்றன் எண்ணுக்குள் ஒரு கைம்பெண்ணின் அடுத்த திங்கள் அரிசி அடங்கியிருக்கிறது. எண்ணிடுவது குற்றமன்று, எண்ணுக்குள் இருப்பவரை மறப்பதே குற்றம்.

ஆகவே, போரை ஆடுக, தவறில்லை. ஆடுவோர் தாம் இழந்த பொம்மைகளை இருபதால் பெருக்கிப் பார்த்துவிட்டே பெட்டியை மூடுக. அவ்வழக்கம் மன்றத்து மேசையோடு நில்லாமல், ஆணையில் ஒப்பமிடும் மேசைக்கும் வருமாயின், ஆட்டம் தன் பயனை அளித்ததாகும்.