சிற்றின்பமும் சிறு சுருட்டும்

இன்பங்களைப் பேரின்பம், சிற்றின்பம் என இரண்டாக வகுத்துவிட்டு, பின்னதைப் பற்றி மேலும் பேசாதிருப்பதே அறிவுடைமை என்று நம் சான்றோருள் பலர் கருதினர். ஆனால் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம்போன்றோரின் வாழ்வு பெரும்பாலும் சிறிய இன்பங்களாலேயே ஆனது. காலையில் காப்பி, மாலையில் ஏரிக்கரையில் சிறிது நடை, ஞாயிறு பிற்பகல் பாலிகஞ்ச் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சிறு சுருட்டு. முதலிரண்டின் மேல் எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. மூன்றாவதன் மேல் தொடுக்கின்றனர், தொடுக்கவும் வேண்டும். அதற்கு வாதாடுவதும் அதைத் தூற்றுவதும் நம் கருத்தன்று. அவ்வின்பம் எத்தகையது, அது யாருக்குரியது என்பதையே ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

நல்ல சிறு சுருட்டு என்பது விரலளவே உள்ள பொருள். காகிதம் அதில் இல்லை. உள்ளீடும் இலை, கட்டும் இலை, மேற்போர்வையும் இலை. அதன் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் நிறுத்திச் சுவைத்து வெளியே விடுவதே முறை. நிமிடத்திற்கு ஒருமுறை இழுத்தால் போதும். அவசரப்பட்டு இழுத்தால் நெருப்பு மிகுந்து சுவை கசந்துவிடும். ஆகவே பதினைந்து இருபது நிமிடங்கள் வேறெதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதாகிறது. அலுவலகப் படிக்கட்டில் இரண்டு கோப்புகளுக்கு நடுவே புகைக்கப்படும் சிகரெட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். சிகரெட்டு வேலையின் இடைவேளை. சுருட்டோ வேலை முடிந்தவனுக்குரியது. சத்யஜித் ராய் 1965இல் படைத்த துப்பறிவாளர் ஃபெலூதா, இதே பாலிகஞ்ச் வட்டாரத்து ரஜனி சென் சாலையில் குடியிருப்பவர், சார்மினார் சிகரெட்டையே புகைத்தார் என்பதில் வியப்பில்லை. துப்பறிகின்றவனுக்கு ஓய்வேது?

புகையிலையைத் திருவள்ளுவர் கடியவில்லையே என்று சிலர் வாதிடுவர். வள்ளுவர் காலத்தில் இந்நாட்டில் புகையிலையே கிடையாது. அமெரிக்காவில் பிறந்த அச்செடி போர்த்துக்கீசியர் வழியாகப் பல நூற்றாண்டுகள் கழித்தே இங்கு வந்தது. இல்லாத ஒன்றைக் கடியாமையை இசைவு என்று கொள்வது அலுவலகத்தில்கூடச் செல்லாத வாதம். எனினும் வந்த விருந்தாளியை நம்மவர் வெகுவிரைவில் உறவினனாக்கிக்கொண்டனர். சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது விடுத்தார். அதற்கென ஒரு புராணக்கதையையும் அமைத்தார். மும்மூர்த்திகளிடம் ஒவ்வோர் இலை ஒப்படைக்கப்பட்டதாம். சிவபெருமானின் வில்வத்தைக் கங்கை அடித்துச் சென்றது. திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டுபோயிற்று. பிரமனின் இலை மட்டும் போகாமல் நின்றது. கங்கைக் கரையில் பிழைக்க வந்திருக்கும் நமக்கு இக்கதையில் ஒரு தனிச் சுவை உண்டு.

ஊர்ப்புறத்துக் கருப்பண்ணசாமிக்கும் முனியசாமிக்கும் சுருட்டுப் படைக்கும் வழக்கத்தை நம் பிள்ளைகளுள் பலர் கண்டிரார். நள்ளிரவில் ஊர்க்காவல் சுற்றுபவருக்கு அது வேண்டும் என்பது எளிய மக்களின் நினைப்பு. தமக்கு எது ஆறுதலோ அதையே தெய்வத்திற்கும் அளித்தனர். உயர்ந்த பொருளைத்தான் படைக்க வேண்டும் என்ற எண்ணத்தினும் இது தாழ்ந்ததென்று நமக்குத் தோன்றவில்லை.

சுருட்டு என்னும் நம் சொல்லே ஆங்கிலத்தில் செரூட் ஆயிற்று. 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்சின் முதற்கதையில், தரையில் உதிர்ந்த சாம்பலைக் கொண்டே கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிகிறார் ஹோம்ஸ். உறையூரில் கையால் சுருட்டப்பட்ட சுருட்டை வின்ஸ்டன் சர்ச்சில் விரும்பினார் என்பதும் திருச்சிப் பக்கத்தில் பெருமையோடு சொல்லப்படும் செய்தி. சிறுவயதில் நாமும் அதைக் கேட்டு மகிழ்ந்ததுண்டு. அவர் கியூபாவின் ஹவானாச் சுருட்டையே மிகுதியும் புகைத்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அப்பெருமையைக் கல்கத்தாவில் இருந்துகொண்டு பேசுவது எளிதன்று. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வங்காளத்தில் மாண்டவர் 15 இலட்சம் என்று அரசு விசாரணைக் குழு கணித்தது. பின்வந்த ஆய்வாளர் பலர் 30 இலட்சத்தை ஒட்டிக் கூறுகின்றனர். கிராமங்களிலிருந்து வந்தவர்கள் இந்நகரத் தெருக்களில் வீடுவீடாக நின்று கேட்டது சோறன்று. சோறு வடித்த கஞ்சி. அக்காட்சிகளை ஓவியர் ஜைனுல் ஆபெதின் கருமைத் தூரிகையால் வரைந்து வைத்துள்ளார். தானியக் கப்பல் வேண்டி இந்தியாவிலிருந்து சென்ற கோரிக்கைகளுக்கு லண்டன் போர்க்கால அமைச்சரவை போதிய அளவு இசையவில்லை. அதில் தலைமை அமைச்சர் சர்ச்சிலின் பங்கு எவ்வளவு என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். நம் உறையூர்ச் சுருட்டு அவர் விரலிடையே புகைந்தது என்ற செய்தியை ஒரு வங்காளி அண்டைவீட்டாரிடம் நாம் எந்த முகத்தோடு சொல்வது?

சுருட்டு செய்த குற்றம் ஒன்றுமில்லை, உண்மையே. ஆயினும் ஓர் இன்பத்தின் மதிப்பை, அதை நுகர்ந்த பெரியவரின் பெயரால் அளக்கும் பழக்கம் குற்றமுடையது. பலகைமுன் அமர்ந்து நாள்முழுதும் இலையைச் சுருட்டிய கைகளின் பெயர் எவருக்கும் தெரியாது. நுகர்ந்தவர் பெயர் மட்டும் நிலைக்கிறது. இவ்வளவு பெருமை பேசும் நாம், உறையூரில் அத்தொழிலாளி என்ன கூலி பெற்றார் என்று ஒருநாளேனும் கேட்டோமா?

வங்காளத்தின் புகைக்கதை ஒன்று இதனினும் நமக்கு உவப்பானது. விவேகானந்தர் சிறுவராயிருந்தபோது, வழக்கறிஞரான அவர் தந்தையின் கூடத்தில் ஒவ்வொரு சாதியாருக்கும் தனித்தனி ஹூக்கா வைக்கப்பட்டிருந்ததாம். சாதி எப்படிப் போகிறது பார்ப்போம் என்று அச்சிறுவர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார் என்பர். புகைக்கு அப்படியும் ஒரு பயன் கிடைத்திருக்கிறது.

இனி உடலின் கணக்கு. நெஞ்சுக்குள் இழுக்காததால் தீங்கில்லை என்று சுருட்டுக்காரர் சொல்வது பாதி உண்மையும் அன்று. அதன் புகை காரத்தன்மை உடையதாகலின், நிக்கோட்டின் வாயின் மென்தோல் வழியாகவே உடலில் ஏறும். வாயிலும் தொண்டையிலும் புற்று வருவதற்கு அது வழி செய்கிறது. ஆந்திரக் கடற்கரையில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பெண்களுக்கு மேலண்ணத்தில் புற்று வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். என் உடல், என் இன்பம் என்ற வாதமும் தாழ்வாரச் சுவரைத் தாண்டுவதில்லை, புகையோ தாண்டுகிறது. மேல்மாடியில் காயும் சேலையும், உள்ளறையில் படிக்கும் குழந்தையும் நம் இன்பத்திற்கு ஒப்புதல் தந்தவர்கள் அல்லர். 2008 அக்டோபர் 2 முதல் பொதுவிடங்களில் புகைப்பதைச் சட்டம் விலக்கிற்று. வீட்டுக்குள் அச்சட்டம் வருவதில்லை. அங்கே நாமே சட்டமாக இருக்க வேண்டியுள்ளது. எழுத்தர் வேலையினும் அது கடினம்.

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த இருபது நிமிட அமைதி பொய்யன்று. அது புகையிலையினால் வருவதா, சும்மா இருப்பதனால் வருவதா என்று நம் நண்பர் குழாத்தில் ஒருமுறை விவாதம் எழுந்தது. சுருட்டின்றியே அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்ப்பதென மூவர் முன்வந்தனர். ஒருவர் ஐந்தாம் நிமிடத்தில் செய்தித்தாளை எடுத்தார். மற்றொருவர் கைப்பேசியை எடுத்தார். மூன்றாமவர் மட்டும் இன்றளவும் ஞாயிறுதோறும் வெறுங்கையோடு தாழ்வாரத்தில் அமர்கிறார். என்ன செய்கிறீர் என்று கேட்டால், எதிர்வீட்டு வேம்பில் காகம் கூடு கட்டுகிறது, பாதி முடிந்துவிட்டது என்கிறார்.