குழந்தை வாசிப்பது யாருக்காக?

மொழி குழந்தைக்காகவா, குழந்தை மொழிக்காகவா என்று நம்மவரிடம் கேட்டால், "இதென்ன கேள்வி, இரண்டும் ஒன்றுதானே" என்று விடையிறுப்பர். இரண்டும் ஒன்றன்று என்பதே நமது துணிபு. ஒரு சிறு பிள்ளையின் கையில் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நாம் அருகில் அமரும் வேளையிலேயே இவ்விரண்டும் வெவ்வேறு வழிகளாகப் பிரிந்துவிடுகின்றன. எவ்வழியை நாம் பற்றுகிறோமோ அதற்கேற்பவே அப்பிள்ளை பிற்காலத்தில் தமிழோடு உறவு கொள்வதும், தமிழை விட்டு விலகுவதும் அமையும். ஆகவே இது பள்ளிக்கூடத்தாருக்கு மட்டும் உரிய பொருளன்று. தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும், வீட்டில் பிள்ளையுள்ள ஒவ்வொருவரும் ஆராய வேண்டிய அறக்கேள்வியாகும்.

சிங்கப்பூரின் தோ பாயோவை எடுத்துக்கொள்வோம். பெரிய சதுப்பு என்று பொருள்படும் பெயருடைய அவ்விடம், 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தாரால் அடுக்குமாடி நகராக எழுப்பப்பட்டது. 1974இல் அங்கே பொது நூலகமும் திறக்கப்பட்டது. அந்நகரின் மாடி வீடொன்றில் வாழும் ஏழு வயதுத் தமிழ்ப் பிள்ளையை மனக்கண் முன் நிறுத்துங்கள். பள்ளியில் அதற்குக் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. 1987 முதல் அந்நாட்டுப் பள்ளிகள் யாவற்றிலும் ஆங்கிலமே முதல்மொழி. தமிழ் ஒரு பாடம். வீட்டு நிலைமையோ? 2010ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் நூற்றுக்குச் சுமார் 37 பேர். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் அது சுமார் 28 ஆகக் குறைந்துவிட்டது. ஆங்கிலம் பேசுவோர் சுமார் 59 பேர்.

இந்நிலையில் தீபாவளிக்கு உறவினர் வருகின்றனர். "எங்கே தம்பி, மாமாவுக்கு ஒரு பக்கம் படிச்சுக் காட்டு பார்க்கலாம்" என்கிறார் ஒருவர். பிள்ளை தொடங்குகிறது. லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றோடொன்று மயங்குகின்றன. கூடத்தில் சிரிப்பு எழுகிறது. "வெள்ளைக்காரன் தமிழ்" என்கிறார் மற்றொருவர். எவருக்கும் தீய எண்ணமில்லை. சிரித்தவர் யாவரும் பிள்ளையிடத்து அன்புடையோரே. ஆயினும், தமிழ் என்பது பலர் முன்னிலையில் தான் சிறுமைப்படும் இடம் என்னும் பாடம் அப்பிள்ளையின் உள்ளத்தில் அன்று பதிந்துவிடுகிறது. அதன்பின் வாங்கித் தரும் புத்தகங்களெல்லாம் அட்டை கசங்காமல் அலமாரியில் கிடப்பதில் வியப்பென்ன?

பிள்ளை ஏன் தடுமாறுகிறது என்று ஆராய்வோர் சிலரே. நம் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247. பெரும்பாலானவை ஒழுங்குடன் பிறப்பன என்பது உண்மையாயினும், ஒவ்வொன்றையும் கண்ட கணத்தில் ஒலிக்கும் பழக்கம் ஒரு நாளில் வருவதன்று. நம் எழுத்து முறையைப் போன்றதே கன்னட எழுத்து முறையும். கன்னடச் சிறார் வாசிக்கக் கற்பதைக் குறித்துச் சோனாலி நாக் என்னும் ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அவ்வெழுத்துகள் முழுமையும் கைவரப் பெறப் பல ஆண்டுகள் செல்லும் என்று காட்டிற்று. கன்னட நாட்டிலேயே பல ஆண்டுகள் வேண்டுமாயின், தமிழுக்கு ஒரு பாடவேளை மட்டும் பெறும் பிள்ளையிடம் நாம் அவசரப்படலாகுமா?

இன்னுமொரு தடை உண்டு. வீட்டில் தமிழ் ஒலித்தாலும் அங்கே ஒலிப்பது "போறேன்", "வந்துச்சு" என்பன. புத்தகத்தில் இருப்பனவோ "போகிறேன்", "வந்தது" என்பன. பிள்ளை எழுத்தைக் கூட்டி ஒலித்த பின்னரும், அவ்வொலி அதன் காதுக்குப் பழகிய சொல்லாக அமைவதில்லை. கேட்டறியாத சொல்லைக் கண்டவுடன் வாசி என்பது, பார்த்திராத மனிதரைக் கூட்டத்தில் அடையாளம் காட்டு என்பது போலாகும். வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாது, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். நாமோ கேள்வியை மறந்துவிட்டுக் கல்வியைக் கேட்கிறோம்.

பிள்ளையின் துன்பத்தைக் கண்டு எழுத்தையே திருத்திய வரலாறு நமக்கு உண்டு. 1935இல் பெரியார் தமது குடிஅரசில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டார். அவ்வழியில் 13 எழுத்துகளின் வடிவை மாற்றித் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஆணையிட்டது. சிங்கப்பூர் 1983இல் அதனை ஏற்றது. தும்பிக்கை போல் வளைந்த ஐகாரக் குறி ஒழிந்ததால் மொழி அழிந்துவிடவில்லை. புனிதமென்று நாம் கருதிய எழுத்தின் வடிவே பிள்ளைக்காக வளைந்து கொடுத்ததென்றால், பிள்ளையின் அருகில் அமரும் பெரியவரின் முகக்குறிப்பு வளைந்து கொடுக்கலாகாதா?

"அடியாத மாடு படியாது, இப்படி இடங்கொடுத்தால் பிழையே நிலைத்துவிடும்" என்று கூறுவோர் உளர். திருத்தவே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. எப்பொழுது, எவ்வாறு என்பதையே கேட்கிறோம். தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்குத் தெரிந்த உவமை ஒன்று உண்டு. ரப்பர் மரம் சீவுவோர் பட்டையை அளவாகச் சீவ வேண்டும். உளி ஆழ்ந்து உள்மரத்தைத் தொட்டுவிட்டால் புதிதாய் வளரும் பட்டை முடிச்சு முடிச்சாகவே வளரும்; பின்னர் அவ்விடத்தில் ஒழுங்காகச் சீவ இயலாது. அன்றைய வாளியில் இருக்கும் பாலைப் பார்த்து இக்காயத்தை அறிய முடியாது. சில ஆண்டுகள் கழிந்தே அது தெரியவரும். அதட்டலாலும் கேலியாலும் பெறும் வாசிப்பு இத்தகையது. அடுத்த சோதனையில் மதிப்பெண் ஏறலாம். பட்டை என்னவாயிற்று என்பது பிள்ளை பெரியவனான பின்னரே விளங்கும்.

நிற்க, மற்றொரு சாரார், "தமிழ் படித்து என்ன உத்தியோகம்?" என்று கேட்கின்றனர். இக்கேள்வியை நாம் வெறுத்துத் தள்ளவில்லை. ஆங்கிலப் பள்ளியில் பயின்று, அதன் பயனாகவே அலுவலக நாற்காலியில் அமர்ந்திருக்கும் நாம் அதனை எங்ஙனம் தள்ள முடியும்? ஆனால் இக்கேள்வியே நமது கட்சிக்கு அரணாகிறது. ஆங்கிலம் கசந்தாலும் பிள்ளை அதனைக் கைவிடாது. வயிறு அதனை அம்மொழியிடம் திரும்ப இழுத்துவரும். தமிழுக்குச் சிங்கப்பூரில் ஆட்சிமொழி என்னும் தகுதி உண்டு. பாடநூலும் நூலகமும் உண்டு. வயிற்றின் இழுப்பு மட்டும் பெரும்பாலோருக்கு இல்லை. பள்ளியை விட்டு வெளியேறியவனைத் தமிழ்ப் புத்தகத்திடம் திரும்ப அழைத்துவரக் கூடியது, என்றோ அதனிடத்தில் அவன் அடைந்த மகிழ்ச்சி ஒன்றே. அம்மகிழ்ச்சியையும் நாமே பறித்துவிட்டால், பிறகு அவனை அழைக்க என்ன இருக்கிறது? "வாசிப்பில் இன்பம்" என்பதைச் சிலர் செல்லங்கொடுக்கும் பேச்சென்று எண்ணுகின்றனர். தமிழைப் பொறுத்தவரை அதுவே உயிர்நாடி.

அரசாங்கமும் இவ்வுண்மையின் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டுள்ளது. 2019 முதல் சிங்கப்பூரில் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளுக்கு மதிப்பெண்ணோடு கூடிய தேர்வுகள் நீக்கப்பட்டன. பள்ளி எடுத்துவிட்ட தேர்வை வீட்டுக் கூடத்தில் வைத்து நடத்துவது எந்த நியாயம்? 2004இல் தேசிய நூலக வாரியம் தொடங்கிய கிட்ஸ்ரீட் திட்டத்தில், வருமானம் குறைந்த குடும்பங்களின் சிறுவர்களுக்குத் தொண்டர்கள் நூல்களை வாசித்துக் காட்டலாயினர். முன்பின் அறியாதார் பிறர் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட முன்வரும்போது, பெற்றோராகிய நமக்குப் பத்து நிமிடம் கிட்டாதா?

செய்ய வேண்டியன அரியன அல்ல. முதலில் பிள்ளை வாசிப்பதற்கு முன் நாம் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரே கதையை நூறு முறை கேட்டாலும் சலிக்கலாகாது; நூறாவது முறையில்தான் அச்சொற்கள் பிள்ளைக்குச் சொந்தமாகின்றன. அது வாசிக்கும்போது ஒரு சொல்லில் நின்றால், நாமும் சற்று நிற்க வேண்டும். உடனே சொல்லைப் பிடுங்கிக்கொடுப்பது உதவியன்று. பொருள் கெடாத பிழையைப் பக்கம் முடியும்வரை விட்டுவிடலாம். முடிந்தபின் நாம் அவ்வரியைச் சரியாக ஒருமுறை வாசித்தால் போதும். எந்தப் புத்தகம் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அது படம் மிகுந்து எழுத்துக் குறைந்ததாயினும் குற்றமில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளையை நீதிபதியிடம் வாசிக்கச் சொல்லாமல், கதை கேட்க விரும்புகிறவரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். தம்பி தங்கையிடம் வாசிக்கட்டும். வீட்டில் எழுத்தறியாத பாட்டி இருந்தால் அவரினும் சிறந்த ஆசிரியர் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வைத்துக்கொண்டும், கங்காணியையோ கிராணியையோ ஆசிரியராக நிறுத்தி ஒப்பேற்றிய அக்காலத் தோட்டங்களில், பள்ளியைக் காணாமலே பால்வாளி தூக்கச் சென்ற பெண்கள் எத்தனையோ பேர். அவருக்குச் சொல்லின் பொருள் தெரியும், எழுத்துத் தெரியாது. பேரனுக்கு எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது. "அப்புறம் என்னய்யா ஆச்சு?" என்று அவர் கேட்கும்பொழுது, அடுத்த வரியை வாசிப்பதற்கு அப்பிள்ளைக்கு மெய்யான காரணம் ஒன்று கிடைத்துவிடுகிறது.

ஊராருக்குக் காட்டுவதற்காகவோ, மொழிக்குச் செலுத்தும் கடனாகவோ அப்பொழுது அது வாசிப்பதில்லை. தானும் கதையை அறியவும், தன் பாட்டி அறியவும் வாசிக்கிறது. அவ்வாறு வாசித்த பிள்ளையிடம் தமிழ் தானே தங்கும். மொழியைக் காப்போம் என்று மேடையில் முழங்கும் அன்பர்கள், இன்றிரவு வீட்டில் அரைமணி நேரம் இதனைச் செய்து பார்ப்பார்களாக.