பழுதுள்ள சரக்கும் பறிபோகும் பரக்கத்தும்



ஒளுவின் ஃபர்ளு எத்தனை, நோன்பு முறியும் காரியங்கள் யாவை என்று கேட்டு வருவோர் நம்மில் ஏராளம். கொடுக்கல் வாங்கலின் மஸ்அலாவைக் கேட்டு வருவோர் மிகச் சிலரே. ஆனால் சென்ற மாதம், ஒரே வாரத்தில் இருவர் என்னிடம் வந்து வியாபாரத்தைப் பற்றியே கேட்டார்கள்.

முதலாமவர், திருச்சி பெரிய கடைவீதியை அடுத்து மின்சாதனக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் சகோதரர். ஸ்ரீரங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து அவரிடம் டெலிவிஷன் வாங்கிப் போயிருக்கிறார். ஒன்பதாம் நாள் படம் போய்விட்டது. ‘கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்’ என்று கடைக்காரர் சொல்ல, அங்கே இன்று வா, நாளை வா என்று சொல்ல, அந்தப் பெரியவர் 1ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து ஆறு முறை வந்து போயிருக்கிறார். ஆறாம் முறை அவர் சண்டை போடவில்லை. “பாய் கடையில் ஏமாற்று இருக்காது என்று சொல்லித்தான் வீட்டில் என்னை இங்கே அனுப்பினார்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாராம். அன்றிரவு கடைக்காரருக்குத் தூக்கம் வரவில்லை. “ஹழ்ரத்! பழுதை உள்ளே வைத்தது கம்பெனி, நானல்ல. அல்லாஹ்விடம் நான் பதில் சொல்ல வேண்டுமா?” என்பது அவருடைய கேள்வி.

இரண்டாமவர் ஒரு தாய். அவருடைய மகன் புதிதாக வாங்கிய செல்போனைப் பள்ளிவாசல் ஹவுளில் தவறவிட்டான். வெயிலில் காயவைத்தும் அது உயிர் பெறவில்லை. ‘வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது’ என்று கடையில் சொல்லி வேறு போன் வாங்கிவரலாம் என்று நண்பர்கள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “கடைக்காரர் பெரிய பணக்காரர்தானே, அவருக்கு என்ன நஷ்டம் என்கிறான். நான் என்ன சொல்லட்டும்?” என்று கேட்டார் அந்தத் தாய்.

சகோதரர்களே! இவ்விரு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்டு, அதனுள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்துப்பட எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. சிந்தித்துப் பாருங்கள்! தானியத்தை நனைத்தது வியாபாரியா? இல்லை, மழை. ஆனாலும் மறைத்த குற்றம் அவரைச் சேர்ந்தது.

நமது ஃபிக்ஹு நூல்களில் ‘கியாருல் ஐப்’ என்றொரு பாடம் உண்டு. குறை கண்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை என்பது இதன் பொருள். இதற்கு முக்கியமாக மூன்றைப் பார்க்க வேண்டும். ஒன்று, அந்தக் குறை பொருளின் மதிப்பைக் குறைப்பதாகவோ, எதற்காக வாங்கினோமோ அந்தப் பயனைக் கெடுப்பதாகவோ இருக்க வேண்டும். இரண்டு, அது விற்றவர் கையில் இருந்தபோதே இருந்திருக்க வேண்டும். வெளியே தெரிந்தது பிறகாயினும், அதன் காரணம் முன்பே உள்ளே இருந்தால் போதும். மூன்று, வாங்கியவர் அதை அறியாமல் வாங்கியிருக்க வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தால் பொருளைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு. விற்றவருக்குப் பழுது தெரிந்திருந்ததா என்பது இங்கே நிபந்தனையே அல்ல. அவர் அறியாமல் விற்றிருந்தால் பாவம் நீங்கும், பொறுப்பு நீங்காது. பணத்தை வாங்கியவர் அவர்தானே! கம்பெனியிடம் அவர் கேட்டுப் பெறுவது வேறு கணக்கு.

‘விற்ற பொருள் திரும்ப வாங்கப்படமாட்டாது’ என்று போர்டு மாட்டியிருக்கிறேனே என்பார் சிலர். இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையுடன் ஓர் அடிமையை 800 திர்ஹத்திற்கு விற்றார்கள். வாங்கியவர் நோய் இருப்பதாக வழக்குக் கொண்டு வந்தார். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களோ, விற்றபோது அந்தக் குறை தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யுமாறு தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிறகு அவர் உடல் நலமாகி 1,500 திர்ஹத்திற்கு விலைபோனார் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா கூறுகிறது. இத்தகைய நிபந்தனை எந்த அளவு செல்லும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தெரிந்த குறையை மறைத்துவிட்டுப் போர்டின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்பதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஜவுளி வியாபாரி என்பது நாம் அறிந்ததே. அவர்களின் கூட்டாளி, குறையுள்ள துணி ஒன்றை அதன் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று தெரியவில்லை. அந்தச் சரக்கின் முழுப் பணத்தையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நம் கடைக்காரருக்கோ வாங்கியவர் யாரென்று தெரியும், தெருவும் தெரியும். அவர் முஸ்லிமல்லாதவர் என்பதால் உரிமை ஒரு மாற்றும் குறையாது.

இனி வாங்குபவருக்கு வருவோம். நம் பகுதியில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபினரும் கலந்து வாழ்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில், குறை தெரிந்தவுடன் தாமதமின்றித் திருப்ப வேண்டும். தொழுகையிலோ சாப்பாட்டிலோ இருந்தால் முடித்துவிட்டுப் போகலாம். இரவில் தெரிந்தால் விடியும்வரை பொறுக்கலாம். ஹனஃபி மத்ஹபில் தாமதத்தால் மட்டும் உரிமை போகாது. ஆனால் குறை தெரிந்த பின்னும் பொருளைப் பயன்படுத்தினால், அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். ஆகவே பழுது தெரிந்ததும் உபயோகத்தை நிறுத்துங்கள். உடனே கடைக்குச் சொல்லுங்கள். இருவரும் மனமொப்பிப் பழுது பார்த்துக்கொள்ள உடன்பட்டால் அதுவும் அழகிய ஸுல்ஹுதான்.

பில் வாங்காமல் வராதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைத்துக்கொள்ளவும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தில் அல்லாஹுத்தஆலா வழிகாட்டியிருக்கிறான். இன்றைய பில்லும் கியாரண்டிச் சீட்டும் அந்தச் சாட்சியின் இடத்தில் நிற்பவை.

நாட்டுச் சட்டமும் இதில் நமக்குத் துணையாகவே இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பதிலாக 2019ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. பில் தர மறுப்பதும், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதன்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்பது கணக்கு. முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால் திருச்சியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை; வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதுமில்லை. பழுதை நீக்கவோ, வேறு பொருள் தரவோ, பணத்தைத் திருப்பவோ, நஷ்டஈடு கொடுக்கவோ ஆணையம் உத்தரவிடலாம். சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள கம்பெனியிடம் இணையம் வழி வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க இச்சட்டம் இடமளிக்கிறது.

இப்படி உரிமை கேட்பது பொறுமைக்கு மாறானதன்று. நபி (ஸல்) அவர்களிடமே ஒருவர் கடனைக் கடுமையாகக் கேட்டபோது ஸஹாபாக்கள் சினந்தனர். பெருமானாரோ, உரிமையுள்ளவருக்குப் பேச இடமுண்டு என்று கூறி அவர்களைத் தடுத்தார்கள்.

ஆனால் உரிமை என்பது உண்மைக்கு மட்டுமே. ஹவுளில் விழுந்த போன், கடையிலிருந்து பழுதோடு வந்ததல்ல. பொய் சொல்லி மாற்றி வாங்கினால், அதில் ஒலிக்கும் பாங்கும், அதில் பார்த்து ஓதும் குர்ஆனும், பிறர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு செய்யும் அமலாகிவிடும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்துப் பொய்யுரைத்தால் அது அழிக்கப்படும் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ், இருவரையும் சேர்த்தே பேசுகிறது. மறைப்பவர் கல்லாவில் இருந்தாலும், கல்லாவுக்கு முன்னால் நின்றாலும் முடிவு ஒன்றுதான்.

அந்தக் கடைக்காரர் மறுவாரம் வந்தார். புதிய பெட்டியைத் தாமே வண்டியில் ஏற்றி ஸ்ரீரங்கம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். “கம்பெனி இன்னும் எனக்குப் பணம் தரவில்லை, ஹழ்ரத். ஆனால் நேற்று தூங்கினேன்” என்றார். அந்தத் தாயோ, போனை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொல்லியனுப்பினார். மகன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பேசுவான், இன்ஷா அல்லாஹ். வீட்டிற்குள் ஹராம் நுழையாமல் வாசலில் நின்று தடுத்த தாயின் அருமை, அவனும் ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகும்போது புரியும்.

யா அல்லாஹ்! எங்கள் வியாபாரத்திலும், நாங்கள் வாங்கும் பொருளிலும், எங்கள் நாவிலும் உள்ள பழுதை நீக்குவாயாக! ஹலாலான ரிஸ்கில் பரக்கத்தை அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.