திருடிய உத்திரம்

யூதர்களின் ஆண்டில் மிகப் புனிதமான நாள் யோம் கிப்பூர். அன்று உண்ணாமல், நீரும் அருந்தாமல் பிழைபொறுக்க வேண்டுகிறார்கள். ஆனால் அந்த நாளின் ஆற்றலுக்கே, பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. கடவுளுக்கு எதிரான பிழையை அந்நாள் தீர்க்கும். அயலானுக்கு இழைத்த தீங்கை, அவனைத் தேடிப்போய்ச் சமாதானப்படுத்தும்வரை தீர்க்காது. பாதிக்கப்பட்டவனுக்குப் பதிலாகக் கடவுள்கூட மன்னித்துவிட முடியாது.

12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இதை விரிவான சட்டமாக வகுத்தார். குற்றத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இழப்பை ஈடுகட்ட வேண்டும், பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுத்தால் மூன்று பேரை அழைத்துக்கொண்டு மீண்டும் போக வேண்டும். தீங்குக்கு ஆளானவர் இறந்துவிட்டால் பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய் ஒப்புக்கொள்ள வேண்டும். தர வேண்டிய பணம் வாரிசுகளுக்குப் போகும். வாரிசு யாரென்று தெரியாவிட்டால் நீதிமன்றத்தில் கட்டிவிட வேண்டும். கண்ணீரைவிடக் கணக்குவழக்கில் அக்கறை கொண்ட சட்டம் இது. அதன் பலமும் அதுதான்.

தனிமனிதனுக்கு எழுதப்பட்ட இந்த விதி ஒரு நாட்டுக்குப் பொருந்துமா? கல்லறையும் இல்லாமல் சாம்பலாக்கப்பட்டவர்களிடம் எங்கே போய் நிற்பது? நாஜி முகாமில் கைதியாக இருந்த சைமன் வீசந்தாலை, சாகக் கிடந்த, ஹிட்லரின் எஸ்.எஸ். படைச் சிப்பாய் ஒருவன் அழைத்துத் தன் கொலைகளைச் சொல்லி மன்னிக்கும்படி கெஞ்சினான். வீசந்தால் ஒன்றும் பேசாமல் வெளியேறினார். அது சரியா என்று அவர் பின்னர் பலரிடம் கேட்டு, பதில்களை நூலாக்கினார். யூதச் சட்டத்தின்படி பார்த்தால் அவர் மௌனத்தில் கல்நெஞ்சம் எதுவும் இல்லை. எரிக்கப்பட்டவர்களின் சார்பில் மன்னிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை; இல்லாததை அவர் கொடுக்கவில்லை. அப்படியானால் கொலைக்கு மன்னிப்பே கிடையாதா? மனிதர்களிடம் கிடையாது என்று ஏற்றுக்கொள்வதே நேர்மை. ஆனால் மன்னிப்புக் கிடைக்காது என்பதால் ஈடுகட்டும் கடமை போய்விடுவதில்லை.

1970 டிசம்பர் 7 அன்று வார்சா கெட்டோ நினைவுச் சின்னத்தின் முன் மண்டியிட்ட மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட், ஹிட்லருக்கு அஞ்சி இளவயதிலேயே நாட்டை விட்டு ஓடியவர். அவர் கையில் ரத்தக்கறை இல்லை. தந்தையின் பாவத்தை மகன் சுமக்க மாட்டான் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசியும் சொல்லியிருக்கிறார். பிறகு எதற்காக அந்த மண்டியிடல்?

இதற்கு யூதச் சட்ட விவாத நூலான தால்முத்தில் உள்ள ஒரு பழைய வழக்கு உதவும். ஒருவன் உத்திரம் ஒன்றைத் திருடி, அதன் மேல் மாளிகை கட்டிவிட்டான். மாளிகையை முழுக்க இடித்தாவது அந்த மரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது ஷம்மாய் மரபு. விலையைக் கொடுத்தால் போதும் என்றது ஹில்லெல் மரபு. இடிக்கச் சொன்னால் எவனும் திருந்த முன்வர மாட்டான் என்பது அதன் கவலை. இந்த வழக்கைத் திருடியவனின் பேரனுக்கு நீட்டிப் பார்த்தால், திருட்டு அவனுடையதல்ல. ஆனால் அவன் குடியிருக்கும் வீட்டை அந்த மரம்தான் தாங்குகிறது. குற்றம் பரம்பரைச் சொத்தல்ல. வீடு பரம்பரைச் சொத்து.

1952இல் மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க்கும், உலக யூத அமைப்புகளின் கூட்டவைக்கு 45 கோடி மார்க்கும் தர ஒப்புக்கொண்டது. இந்தப் பேச்சுவார்த்தையே கூடாது என்று ஜெருசலேமில் கல்வீச்சு நடந்தது. ரத்தத்துக்கு விலை பேசுவதா என்று இஸ்ரேலின் எதிர்க்கட்சித் தலைவர் மெனாகெம் பெகின் கொதித்தார். கொன்றவன் சொத்தையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பிரதமர் பென்குரியன் தரப்பின் வாதம். பெகினின் அச்சம் நியாயமானது: பணம் வாங்கினால் கணக்குத் தீர்ந்ததாக உலகம் எண்ணும். எனினும் பென்குரியன் பக்கமே தராசு சாய்கிறது, ஏனெனில் ஈடு என்பது மன்னிப்பின் விலையல்ல, திரும்ப வர வேண்டிய கடன். குறை வேறிடத்தில் இருந்தது. நியூரம்பர்க் இனச் சட்டங்களுக்கு உரை எழுதிய ஹான்ஸ் குளோப்கே அடுத்த ஆண்டே மேற்கு ஜெர்மனிப் பிரதமர் அடெனாவரின் அலுவலகத்துக்குத் தலைமை ஏற்று, 1963வரை அங்கேயே இருந்தார். பணம் கொடுக்க முடிந்த அரசால் ஓர் ஆளை வெளியேற்ற முடியவில்லை.

அதே சூழல் மறுபடி வாய்க்கும்போது பழைய வழியில் போகாதவனே முழுமையாகத் திருந்தியவன் என்பது மைமோனிடிஸின் இறுதி அளவுகோல். ஜெர்மனிக்கு அந்தச் சோதனை அதன் பழைய காலனியான நமீபியாவிலிருந்து வந்தது. 1904 முதல் 1908 வரை அங்கே ஜெர்மன் படை ஹெரேரோ மக்களில் பெரும்பகுதியினரையும் நாமா மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரையும் அழித்தது. 2021இல்தான் பெர்லின் அதை இன அழிப்பு என்று முறையாக ஒப்புக்கொண்டு, 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாக அறிவித்தது; ஆனால் அதை இழப்பீடு என்று சொல்ல மறுத்து, வளர்ச்சி உதவிக் கணக்கில் வைத்தது. பேச்சு நடந்தது நமீபிய அரசோடு. ஹெரேரோ, நாமா தலைவர்களில் பலர் தங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று அதை நிராகரித்தார்கள். அயலானை விட்டுவிட்டு அவன் ஊர்த்தலைவரிடம் போய்ச் சமாதானம் பேசியதைப் போன்றது அது. பறித்த மேய்ச்சல் நிலங்களில் பெரும்பகுதி இன்றும் வெள்ளையர் பண்ணைகளாகவே இருக்கிறது. அவற்றின் விலையைக் கணக்கிடும் இடத்தில் நிலத்தை இழந்தவர்களின் வாரிசுகள் இருக்க வேண்டும். அவர்களோ 2023இல் அந்த உடன்பாட்டை எதிர்த்து நமீபிய நீதிமன்றத்துக்குப் போனார்கள்.